கன்னத்தில் கை வைத்த கடவுள்

ரொம்சோஸ், ஒஸ்லோ
வைகாசி 12

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

இஞ்சை நானும் அப்பாவும் சுகம், அங்கை மெல்பேர்ணிலை நீயும் மருமகன் கோபிகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூர் முருகன் துணை நிக்கவேணும். பனி முழுக்கக் கரைஞ்சிட்டுது. அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனால் டொக்டர் சொன்ன பயிற்சி செய்யிறேல்லை, நீ ஒருக்கால் சொல்லு, உன்ரை சொல்லுக் கேப்பார். இதைப் போனிலை சொல்லி முடிக்க என்னாலை ஏலாது, அதுதான் எழுதுறன். என்னோடை முதியோர் இல்லத்திலை வேலை செய்யிற டைவாவைத் தெரியும்தானே, லித்துவேனியாக்காரி, நீ வந்தபோது தேன் போத்தல் தந்தவ. அவவின்ரை தம்பி தோமாஸ் ஐப்பசியிலை இஞ்சை ஒரு கட்டட வேலையிலை நாலாம் மாடி உயரத்திலையிருந்து விழுந்து செத்துப்போனான். உடம்பை ஊருக்கு அனுப்பியாச்சு. அவையின்ரை நாட்டிலை செத்தவையை நினைச்சும், தப்பிப் பிழைச்சதுக்கு நன்றியாயும் ஓக் மரத்திலை சிலுவை செதுக்கி வழியோரத்திலையும் வீட்டு வளவிலையும் நடுவினமாம். டைவாவின்ரை குடும்பத்துக்கு அது கைவந்த வேலை. தம்பியின்ரை சிலுவையைத் தன்ரை கையாலைதான் செய்யவேணுமெண்டு எங்கடை பில்டிங்குக்குக் கீழை ஒரு கராஜ் எடுத்து, என்னை விட உயரமான மரத்தைக் கொண்டந்து இறக்கினா. வேலை முடிஞ்சால் உளியோடைதான். ஒழுங்காய்ச் சாப்பிடமாட்டா எண்டு நான் சோறும் பருப்பும் கொண்டுபோய், அவ சாப்பிட்டு முடியுமட்டும் அங்கையே இருப்பன்.

அந்த மரத்திலை வந்ததை உனக்கு எப்பிடிச் சொல்ல பிள்ளை. சிலுவையெண்டால் குறுக்கும் நெடுக்குமாய் ரெண்டு தடி எண்டுதான் நான் நினைச்சிருந்தன். இதிலை நடுவாலை சூரியக் கதிர் விரியுது, கீழை பிறை, தண்டைச் சுத்திப் பாம்பு. இதெல்லாம் நாங்கள் கும்பிடுறதெல்லோ எண்டு கேட்டன். தங்கடை சனம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற முதல் கும்பிட்டதுகளாம், விட மனமில்லாமல் சிலுவையிலையே ஏத்திவைச்சிட்டினம் எண்டு சிரிச்சா. தம்பி போனாப்பிறகு அவ சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டனான். தண்டிலை ஒரு சின்னக் கூரை, அதுக்குள்ளை யேசு. தொங்கேல்லை. கன்னத்திலை கை வைச்சுக்கொண்டு குந்தியிருக்கிறார். கப்பல் கவிண்டாலும் கன்னத்திலை கை வைக்காதையுங்கோ எண்டு உங்களைப் பேசிப் பேசி வளத்தனான், இஞ்சை கடவுளே வைச்சுக்கொண்டிருக்கிறார். ஏன் இப்பிடி எண்டு கேட்டதுக்கு, அவருக்கும் மறுமொழி தெரியேல்லை, அதுதான் எங்களோடை வந்து இருக்கிறார் எண்டா.

ஆனால் முகம் மட்டும் வரேல்லை. ரெண்டு மாசம் வெறும் மரமாய்க் கிடந்தது, தம்பியை நினைச்சால் உளியைக் கீழை வைச்சிடுவா. மாசி இருபது உன்ரை தம்பி சேந்தன்ரை பிறந்தநாள், நீ மறந்திருக்கமாட்டாய். திராமன் போற றோட்டிலை கார் வழுக்கி அவன் செத்து ஆறு வருசம், அண்டையிலையிருந்து இந்த வீட்டிலை ஒருதரும் அவன்ரை பேர் சொல்லுறேல்லை. அண்டைக்கும் சோத்தைக் குடுத்திட்டுப் பெயின்ற் வாளியைக் கவிட்டு இருந்தனான், என்னையறியாமலே கை கன்னத்துக்குப் போயிட்டுது. டைவா சாப்பாட்டை வைச்சிட்டு உளியை எடுத்தா, கையை எடுக்காதையுங்கோ எண்டு மட்டும் சொன்னா. அவ செதுக்கச் செதுக்க நான் சேந்தனைப் பற்றிக் கதைச்சன், பாதி நோர்வே பாசை, பாதி தமிழ். அவவுக்கு எவ்வளவு விளங்கிச்சுதோ தெரியாது.

முடிஞ்சு பாத்தால் தாடி இருக்கு, முள்முடி இருக்கு, ஆனால் கண்ணுக்குக் கீழை விழுந்த மடிப்பும் வாய்க்கோடும் என்ரை. பாவம் வரும், மாத்துங்கோ எண்டன். துக்கப்படுற எவரின்ரை முகமும் அவருக்குப் பொருந்தும் எண்டு சொல்லிப்போட்டு மாத்தேல்லை. சிலுவையை ஊருக்குக் கொண்டுபோய், போன ஞாயிறு அவையின்ரை வீட்டு வளவிலை நட்டு, பாதர் ஆசீர்வதிச்சதை வீடியோவிலை அனுப்பினவ. டைவாவின்ரை தாய் என்னை ஒருநாளும் காணாத மனிசி, அந்த முகத்தைத் தடவித் தடவி அழுகிறா. அப்பாவுக்குக் காட்டினன். திருப்பி ஒருக்கால் போடச்சொல்லிப் பாத்திட்டு, சேந்தன் இருந்தால் அம்மா கடவுளாகிட்டா எண்டு பகிடி பண்ணியிருப்பான் எண்டார். ஆறு வருசத்துக்குப் பிறகு அவர் வாயிலை அந்தப் பேர். ரெண்டு பேரும் அழுதம், பிறகு அவன் செய்த குழப்படியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சம்.

எங்களை நினைச்சு நீயும் இவ்வளவு நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனி எண்டு தெரியும். இனி வேண்டாம் பிள்ளை. போன் எடுக்கேக்கை தம்பியைப் பற்றிக் கதை. அங்கை குளிர் தொடங்குதெல்லோ, காதை மூடிக்கொண்டு போ. ரெண்டு பேரும் ஒருதருக்கொருதர் துணையாய் நெடுங்காலம் நல்லாயிருங்கோ. நீயும் சேந்தனும் குளக்கரையிலை நிக்கிற படம் உன்னட்டை இருக்கு, மறக்காமல் அனுப்பு, பெருப்பிச்சுச் சுவரிலை மாட்டப்போறம்.

என்றும் உன்ரை அம்மா,
சிவநாயகி