திரையில் நின்ற வேறொருத்தியின் பெயர்

இன்று காலை மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது நம் சோதனைப் போன் கையில் சிக்கியது. மாணவிகளிடம் இருப்பது போன்ற மலிவுப் போன் ஒன்று நமக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து நீ வாங்கியது. உன் கைப்பையிலேயே கிடந்ததால் அதில் ஏறிய நீலகிரித் தைல வாசம், நீ போய் ஓராண்டு கழிந்தும் போகவில்லை. அதை முகர்ந்ததும் எனக்கு நினைவு வந்தது உன் சிரிப்பல்ல, நீ என்னைப் பார்த்த ஒரு பார்வை.

முத்தையாபுரத்தில் மளிகைக் கடைக்கு மேலே நம் அலுவலகம். துறைமுகத்து ஏற்றுமதி ஆவண வேலைகளை இணையத்தில் நீ சொல்லிக்கொடுத்தாய். அந்த இணையதளத்தை நான் கவனித்தேன். கீழே கடை வைத்திருந்த சாத்தான்குளத்து அண்ணாச்சி நம் பங்காளி. தளம் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

தேர்வு வாரத்தில் புன்னைக்காயலிலிருந்து நம் மாணவி சகாயராணி போன் செய்தாள். ஒரு கப்பல் முகவர் அலுவலகம் நம் தேர்வு முடிவை வைத்து அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது.

“யக்கா, நான் ஒண்ணும் தொடல. பக்கத்தத் தெறந்தேன். என் பேரு இருக்க வேண்டிய எடத்துல பொன்மணின்னு நிக்குது. அவ எழுதுன விடை எல்லாம் தெரியுது.”

நாம் இருவரும் உடனே உள்ளே போய்ப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. சகாயராணி பக்கத்தில் சகாயராணி, பொன்மணி பக்கத்தில் பொன்மணி. மறுபடி பார்த்தோம், அப்படியேதான்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி மாடியேறி வந்தார். “மொதல்ல கத்துதவதான் விடையத் திருடுனவ. மாட்டிக்கிடுவோம்னு தெரிஞ்சு முந்திக்கிட்டா. அந்தப் பிள்ள பரிச்சைய ரத்து பண்ணுங்க.”

“பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றாய் நீ. அவர் இறங்கிப் போன பிறகு என்னிடம் கேட்டாய். “நாம எப்பவும் நிர்வாகி கணக்குலதான போறோம்? அவ அப்படியா போறா?”

சோதனைப் போனில் பொய்யாக ஒரு மாணவிக் கணக்கை உருவாக்கி உள்ளே நுழைந்தாய். திரையில் ‘வணக்கம், பொன்மணி’ என்று வந்தது. கீழே அவள் விடைகள்.

சகாயராணி பொய் சொல்லவில்லை. தளத்தில் யாரோ கேஷ் வசதியை முழுவதுமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் சர்வர் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருபவருக்குப் புதிதாகத் தயாரிக்காமல் அந்த நகலையே நீட்டும். பாடப் பக்கங்களுக்கு அதனால் வேகம் கிடைக்கும். தேர்வுப் பக்கத்துக்கு அது ஆகவே ஆகாது. நிர்வாகியாகப் போகிறவர்களுக்கு மட்டும் நகல் வராது. அதனால்தான் நம் கண்ணில் படவில்லை.

“நான் போடல” என்றேன். தளத்தின் கடவுச்சொல் என் ஒருத்தியிடம் மட்டுமே இருப்பதாக அன்று நாம் நம்பியிருந்தோம்.

நீ போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். “ஏளா, நீ எவங்கிட்டயாவது பாஸ்வேர்டு குடுத்தியா?”

இல்லை என்றேன். நீ தலையசைத்தாய். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கல்லூரியில் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ. அந்தப் பார்வைக்கு முன்னால், செய்யாததைச் செய்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. நகல்களை அழித்து, தேர்வுப் பக்கங்களுக்கு கேஷை நிறுத்தினேன். நீ பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். உதவிக்கா, காவலுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மை மறுநாள் அண்ணாச்சி வாயாலேயே வந்தது. “சைட்டு நத்தையா ஊருதுன்னு எம் மருமவன்ட்ட சொன்னேன். சைட்டு எம் பேருலதான இருக்கு, தனியா ஒரு பாஸ்வேர்டு வாங்கி அவன் என்னமோ ஆன் பண்ணுதேன்னான். அதுலயா இம்புட்டும்?”

நீ கோபப்படவில்லை. அவரைக் காரில் ஏற்றிப் புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போனாய், நானும் வந்தேன். அண்ணாச்சி சொன்ன பேச்சு அதற்குள் அங்கேயும் எட்டியிருந்தது. சகாயராணியின் அம்மா வாசலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தயங்கித் தயங்கி, தப்பு மெஷினில்தான் என்றார்.

“மெஷினா எம் மவளக் கள்ளின்னு சொல்லிச்சு?” என்றார் அந்த அம்மா, வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். “நாந்தாம்மா சொன்னேன்” என்றார். சகாயராணி வேறு வினாத்தாளில் தேர்வு எழுதினாள். அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில்தான் இன்றும் வேலை பார்க்கிறாள்.

திரும்பும் வழியில் நீ, என்னைச் சந்தேகப்பட்டதாகவும் சொல்லவில்லை, படவில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு மருத்துவமனை, அதற்குப் பிறகு நீ இல்லை. எத்தனையோ நாள் உன்மேல் மனம் கசந்திருக்கிறேன். ஆனால் ஒன்று புரிந்தது. சகாயராணியை அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் சந்தேகப்பட்டார். என்னை நீ முகத்துக்கு நேராகக் கேட்டாய்.

போன வாரம் ஒரு மாணவியின் பக்கத்தில் புது மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பழைய மதிப்பெண்ணே வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் முருகேசனிடம், “நீ எதையாவது மாத்துனியா?” என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கியது. இருவருமாகத் தேடினோம். சர்வர் நிறுவனத்தார் அவர்களாகவே ஏதோ மாற்றியிருந்தார்கள். வேலை முடிந்து அவன் பையை எடுத்தபோது நிறுத்தினேன்.

“ஒன்ன சந்தேகப்பட்டேன் முருகேசா. இப்ப இல்ல” என்றேன்.

நீ எனக்குச் சொல்லாமல் போன வாக்கியம் அது.