ஷெர்லின் டீச்சர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
மலிகா (வயது 36),
க/பெ. அமீருதீன்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
மண்டலக் கல்வி அலுவலகம், வட சென்னை.

பொருள்: ஆறாம் வகுப்பு மாணவி கௌசரின் தமிழாசிரியை திருமதி ஷெர்லின் மீது நான் கொடுத்த புகார் தவறானது – அவரது பணி மாறுதலை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது 14.07.2025 நாளிட்ட புகார் மனு.
2. மேற்படி ஆசிரியையை 01.09.2025 முதல் மணலிக்கு மாற்றிய ஆணை.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

போன மாதம் தங்கள் அலுவலக வாசலில் சத்தம் போட்ட அதே மலிகாதான் இதை எழுதித் தருகிறேன். இன்று கோபம் இல்லை. மிச்சம் இருக்கும் கோபமும் என் மேல்தான்.

1. என் மகள் கௌசர் எங்கள் பகுதி மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஜூன் மாதக் கடைசியிலிருந்து அவள் பாவாடை ஓரம் நனைந்தும், சட்டைக் கையில் பருப்புத் தூசி ஒட்டியும் வீட்டுக்கு வந்தாள். கேட்டால், கடைசிப் பாடவேளையில் சத்துணவுக் கூடத்தில் இருப்பதாகச் சொன்னாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. யார் அனுப்பியது என்று மிரட்டிக் கேட்டதும் ஷெர்லின் டீச்சர் என்றாள். படிக்க அனுப்பிய பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க வைக்கிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

2. நான் நான்காம் வகுப்போடு நின்றவள். பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அவ்வளவுதான். ஆகவே ஜெராக்ஸ் கடை ஓரம் மனு எழுதித் தரும் பொன்னுரங்கம் ஐயாவிடம் போனேன். "புள்ளகிட்ட வேல வாங்குறாங்க" என்றுதான் சொன்னேன். அவர் "அடிமைபோல் நடத்திச் சித்திரவதை செய்து வருகிறார், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். மனு சூடாக இருந்தால்தான் மேசை விட்டு மேசை நகரும் என்பது அவர் அனுபவம். அடியில், "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று வழக்கம்போல் ஒரு வரியும் சேர்த்துவிட்டார். யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். இந்த மனுவை எழுதுபவரும் அவரேதான். மேற்கண்ட வரிகளை எழுத மிகவும் தயங்கினார். எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

3. விசாரணைக்கு ஆள் வந்து போன மறுநாள், சத்துணவு அமைப்பாளர் சிலுவையம்மாள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா எழுதிக் குடுத்துகீற? உம்பொண்ணு இங்க பாத்திரமா தேச்சினுகீது? வா, வந்து உன் கண்ணால பாத்துட்டுப் போ" என்றார். போனேன். கதவுக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். கழுவிய தரை காயாமல் இருந்தது. பருப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு என் மகள் சுவரில் ஒட்டிய உணவுப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தாள். "கா... ய்... காய்க... றி" என்று விரலை வைத்து, மூச்சு வாங்கி, "மிளகு முட்டை" வரை வந்தாள். பக்கத்தில் டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய ஓய்வு நேரம் என்று பிறகுதான் தெரிந்தது.

4. ஆறாம் வகுப்புக்கு வந்தும் என் மகளால் ஒரு வரியைக் கோத்து வாசிக்க முடியாது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று தமிழ் வகுப்பு வந்தாலே வயிற்றுவலி என்பாளாம். சிரிக்க ஆள் இல்லாத இடம் பள்ளியில் சத்துணவுக் கூடம் ஒன்றுதான் என்று டீச்சர் அங்கே வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கௌசர் அழுதிருக்கிறாள். டீச்சர் அவளுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிவிட்டு என்னை மட்டும் மூன்று முறை சீட்டு அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மூன்று சீட்டும் கரண்ட் பில்லோடு ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தன. பள்ளியிலிருந்து சீட்டு வந்தால் திட்டக் கூப்பிடுவதாகத்தான் இருக்கும் என்று நான் போகவில்லை. ஆனாலும் டீச்சர் ஒரு நடை வந்து சொல்லியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

5. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பள்ளியில் டீச்சரும் சிலுவையம்மாளும் பார்த்துக்கொள்கிறார்கள். மாலையில் கௌசர் எங்கள் வண்ணாரப்பேட்டை லுங்கிக் கடைக்குப் போகிறாள். வெளியூர் போகும் கட்டுகள் மேல் மையால் எழுதிய ஊர்ப் பெயர்களை அவள் வாசித்த பிறகுதான் என் கணவர் லாரிக்கு ஏற்றுவார். முதல் வாரம் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றார். போன புதன்கிழமை, ஆரணிக்குப் போகவேண்டிய கட்டின் மேல் ஆற்காடு என்று எழுதியிருப்பதை அவளே கண்டுபிடித்து நிறுத்தினாள். எழுதியவர் என் கணவர். "இனிமே நீதான் நம்ம கடைக்கு ரைட்டரு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வயிற்றுவலி நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

6. இந்த நிலையில்தான் டீச்சரை மணலிக்கு மாற்றிய செய்தி வந்தது. நான் சொன்ன பொய்க்கு அவர் தண்டனை வாங்குகிறார். தெரியாமல் சொன்னேன், ஆனாலும் பொய்தான். முந்தாநாள் கௌசர், மணலிக்கு எந்த பஸ் போகும் என்று அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

ஆகவே ஐயா, பார்வை 1-இல் உள்ள என் புகாரைத் தள்ளுபடி செய்து, பார்வை 2-இல் உள்ள ஆணையை நிறுத்தி, திருமதி ஷெர்லின் இதே பள்ளியில் தொடர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறான புகாருக்கு நடவடிக்கை உண்டென்றால் அதை என் மேல் எடுங்கள். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். இந்த முறை சீட்டை ஃபிரிட்ஜ் மேல் வைக்க மாட்டேன்.

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 23.08.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) மலிகா

இம்மனு முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டியவர் என் மகள் கௌசர், ஆறாம் வகுப்பு. ஜெராக்ஸ் கடை வாசலில், பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருக்க, சத்தமாகவே வாசித்தாள். ஐம்பது நிமிடம் ஆனது. "ஒழுங்கு நடவடிக்கை" என்ற இடத்தில் இரண்டு முறை நின்று, பிறகு வாசித்துத் தாண்டிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கேட்டேன், சரியாக உள்ளது.

(படித்தவர் ஒப்பம்) கௌசர்