செருப்புப் பையில் இன்னும் இடம் இருக்கிறது

உமது செருப்புப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். மழை ஈரத்தில் பழைய தோல் நாற்றம் அறை முழுவதும் பரவிவிட்டது. நாளைக் காலைக் கப்பலில் உமது தம்பி ரங்கூன் வருகிறார். அண்ணனை எரித்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இந்த மடலைத் தொடங்கியதிலிருந்து மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய்வந்துவிட்டேன்.

கப்பல் பயணிகளுக்கு ஊர் காட்டுவது உமது தொழில். பகோடா, ஏரி, மரம் தூக்கும் யானை எல்லாம் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். பகோடாவில் துரைமார் செருப்பைக் கழற்ற மனமில்லாமல் வாசலோடு திரும்புவார்கள். நம்மவர்கள் கழற்றிவிட்டு மேலே போய்ப் புத்தர் முன்னால் நின்று செருப்பையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்தியைக் காப்பாற்ற நீர் தைத்த பை இது.

தெரியாது என்று நீர் சொல்லிக் கேட்டதில்லை. ஏரியின் ஆழம் கப்பலுக்குக் கப்பல் கூடியது. நான் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவன், பொறுக்காமல் கேட்டேன். "மழைக்காலம் ஓய்" என்றீர்.

அந்த நாகப்பட்டினத்து அம்மாளுக்குப் பகோடா வேண்டியிருக்கவில்லை. அரிசி மூட்டை சுமந்த புருஷன் ஆற்றில் விழுந்து இறந்த இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். எந்தத் துறை என்று அவளுக்குத் தெரியாது, உமக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் போட்டாதாங் பக்கம் ஒரு துறைக்கு அவளையும் என்னையும் கூட்டிப்போய், "இந்தப் படிதாம்மா" என்றீர். அவள் உட்கார்ந்து படியைத் தடவினாள். வெறுங்காலோடு வந்தவள் அவள். நீர்தான் உமது செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டீர்.

துக்கத்திலும் பொய்யா என்று திரும்பும் வழியில் சண்டை பிடித்தேன்.

"தெரியாதுன்னு அனுப்பினா, ஆறு பூரா தேடிக்கிட்டே இருப்பா ஓய்."

ஒரு வாரம் உம்மோடு நான் பேசவில்லை.

நான் வேலையாகப் பெகு போயிருந்தபோது உம்மைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் பலரோடு எடுத்துப்போய் எரித்தார்களாம். எங்கே என்று விசாரித்தால் ஆளுக்கொரு சுடுகாட்டைச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்தேன். சாம்பலில் என்ன அடையாளம் கிடைக்கும்?

இன்று மாலை தாமுவேப் பக்கத்துச் சுடுகாட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்து வைத்தேன். நல்ல நிழல். உட்கார ஒரு கல்லும் கிடக்கிறது. "இந்த இடந்தான் தம்பி" என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். உம்மைப் போல வரவில்லை, காலைக்குள் வந்துவிடும்.

பையைத் துடைத்துவிட்டேன். தம்பியின் செருப்போடு என்னுடையதையும் வைக்க இடம் இருக்கிறது.