கயிற்றை அசைத்த பிறகு

தூத்துக்குடி, பெண்கள் வார்டு
3 பிப்ரவரி 1948

அன்பு மகன் செல்வதுரைக்கு,

நான் நர்ஸ் ஜெயபாயைக் கடித்தேன் என்று கொழும்பு வரை செய்தி போய்விட்டதாம். கடிக்கவில்லை. அலறினேன்; வாயைப் பொத்தினாள்; பல் பட்டது.

இருதயத்தைச் சுற்றியிருந்த சீழை எடுக்க மார்பைத் திறந்தபோது மயக்கத்தில் இருந்தேன். மிச்சச் சீழ் வடிய அங்கே வைத்த இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்றை ஜெயபாய் உருவியபோது விழித்திருந்தேன். "ஒண்ணுமில்லம்மா, எறும்புக்கடிதான்" என்றாள். எறும்பை நான் அறிவேன். குழாய் உள்ளே ஒட்டிக்கொண்டு, இருதயமே கூட வருவதுபோல் இழுத்து, பிறகு வழுக்கியது. மூச்சை வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சாகிறேன் என்றே நினைத்தேன்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "அம்மாகிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு உங்க மகன்தான் கண்டிப்பாச் சொல்லிட்டுக் கப்பலேறினார்" என்றார். இன்னொரு குழாய் இருக்கிறது. எந்த நாள் என்றும் சொல்ல மாட்டார்களாம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது. என்னிடம் சொல்லலாம் என்று அவருக்கு எழுது.

உன் அம்மா,
அற்புதமணி

கொழும்பு
9 பிப்ரவரி 1948

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவகிருபையால் இங்கே சுகம். உங்களைப் பயமுறுத்த வேண்டாமென்றுதான் சொன்னேன். டாக்டருக்குத் தெரியாததா? பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதேதோ சொன்னீர்களாமே. தனி அறைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். பிஸ்கட்டும் அனுப்புகிறேன். நிம்மதியாக இருங்கள்.

மகன்,
செல்வதுரை

தூத்துக்குடி, தனி அறை
14 பிப்ரவரி 1948

செல்வதுரைக்கு,

அறை கிடைத்தது. கதவைச் சாத்தியே வைக்கிறார்கள். கப்பல் சங்கு தவிர வேறு குரல் இல்லை.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மாப்பிள்ளையூரணி ஆறுமுகத்தாய்க்கும் நெஞ்சில் குழாய். "உள்ளதச் சொல்லுங்கம்மா, எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "ஏளா, இழுக்கும். மூச்சு நின்ன மாதிரி இருக்கும், நிக்காது" என்றேன். முத்துக்குளிக்கிறவன் கயிற்றை அசைத்தால்தானே தோணியில் இருப்பவன் தூக்குவான்? அவள் என் கையை அழுத்தட்டும், அதன்பிறகு இழு என்று ஜெயபாயிடம் சொன்னேன். அப்படியே செய்தாள். ஆறுமுகத்தாய் அலறவில்லை. "இம்புட்டுத்தானா!" என்று சிரித்தாள், பிறகு அழுதாள். நீ கேள்விப்பட்ட 'ஏதேதோ' இதுதான்.

எனக்கும் அப்படிச் செய்ய ஜெயபாய்க்குச் சம்மதம். உன் எழுத்து இல்லாமல் டாக்டர் விடமாட்டார். எந்த நாள் என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லவும், நான் கையை அழுத்திய பிறகே இழுக்கவும் அவருக்கு இரண்டு வரி எழுது. பிஸ்கட் அனுப்ப வேண்டாம்.

எழுதினாயா, இல்லையா என்று எனக்கும் எழுத்தில் பதில் போடு.

அற்புதமணி