ஆடியில் வீடு மாறிய இறால்கள்

ஜூலை 6, ஞாயிறு

இன்று மதியமும் மௌரீன் ஆன்ட்டிக்கு வீடியோவில் இறால் தரிசனம் காட்டினேன். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா. மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் போயிருக்கிறார். போகும்போது சாவியையும் ஒரு கண்ணாடி உருண்டையையும் மாடியில் குடியிருக்கும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உருண்டை சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிசு. காற்றுகூடப் போகாமல் மூடியது. உள்ளே உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாசி, ஒரு சுள்ளி, நான்கு குட்டிச் சிவப்பு இறால்.

"சாப்பாடு வேணாம், தண்ணி மாத்த வேணாம், ஒண்ணுமே செய்ய வேணாம் சிவா. வெயில் படாம பாத்துக்கோ, போதும்" என்றார். ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் பெங்களூர் பிரேசர் டவுனிலேயே கிடையாது.

ஆனால் நான் சும்மா இருந்தேனா? இன்டர்நெட்டில் படித்துத் தொலைத்தேன். உருண்டைக்குள் இவை வாழவில்லையாம், மெதுவாகப் பட்டினி கிடக்கின்றனவாம். தோல் உரிக்கிற ஒவ்வொரு முறையும் வளர்வதற்குப் பதிலாகச் சிறுத்துக்கொண்டே போகுமாம். திறந்த தொட்டியில் விட்டால் பல வருஷம் இருக்குமாம். உடனே ஆவேசம் வந்து ஒரு தொட்டி வாங்கி, கடல் உப்பு கலந்து, பாசி பிடிக்கவிட்டுத் தயாராகவும் வைத்துவிட்டேன். அதோடு ஆவேசம் தீர்ந்துவிட்டது. இப்போது மேஜையில் இந்தப் பக்கம் தொட்டி, அந்தப் பக்கம் உருண்டை. நடுவில் நான், காபி குடித்துக்கொண்டு.

உருண்டை ஓஸ்வால்ட் அங்கிள் சிங்கப்பூரிலிருந்து ஆன்ட்டிக்காக வாங்கி வந்தது. அவர் இப்போது இல்லை. அதை உடைக்கிற தைரியம் யாருக்கு வரும்?

ஜூலை 8, செவ்வாய்

காலையில் ஒன்று அசையாமல் அடியில் கிடந்தது. கண் கலங்கிவிட்டது. "வீட்டில் ஒரு துக்கம்" என்று மேனேஜரிடம் லீவு சொன்னேன். பல் தேய்த்துவிட்டு வந்து எண்ணிப் பார்த்தால் நான்கும் ஜோராக நீந்துகின்றன. கிடந்தது உரித்துப் போட்ட தோல். மேனேஜர் பாவம், துக்கம் விசாரிக்க இரண்டு தடவை போன் செய்துவிட்டார். யார் செத்தது என்று சொல்வது?

ஜூலை 13, ஞாயிறு

ஆன்ட்டியிடம் இன்று கேட்டே விடுவது என்று கண்ணாடி முன் ஒத்திகையெல்லாம் பார்த்தேன்.

"ஆன்ட்டி, இதுங்களுக்கு உள்ள இடம் பத்தலையோன்னு தோணுது."

"என்ன மேன், அதுங்க உன்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணுச்சா?" பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அதைத் தூசு தட்டக்கூட வேற யார்கிட்டயும் குடுத்ததில்ல சிவா. ஓஸ்வால்ட் மடியில வெச்சு பிளைட்ல கொண்டாந்தது."

"சும்மா கேட்டேன் ஆன்ட்டி" என்றேன். வீரன்.

சரி. கேட்டால்தானே வேண்டாம் என்பார்? கேட்காமலே செய்கிறேன். அடுத்த ஞாயிறு, 20-ம் தேதி. முடிவு.

ஜூலை 18, வெள்ளி

ஆரணியிலிருந்து அம்மா போன். பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை இறாலை வீடு மாற்றப் போகிறேன் என்று உளறிவிட்டேன்.

"டேய், ஆடி பொறந்துடுச்சுடா! ஆடியில யாராவது வீடு மாத்துவாங்களா?"

"அம்மா, அது இறால்."

"இறாலா இருந்தா என்ன? உசுருதானே. ஆவணி முதல் நாள் ஞாயித்துக்கிழமைதான் வருது. அன்னிக்குப் பண்ணு. ஒரு சொட்டுப் பால் காய்ச்சி வெச்சிரு."

எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆபீஸில் இதைப் பற்றி மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். ஆனால் பெற்றவள் மனசு நோகக்கூடாது பாருங்கள். தள்ளிவைத்துவிட்டேன்.

போனை வைத்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி. அது அம்மாவுக்காக இல்லை என்று எனக்கே தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீஸ் கேன்டீனில் சஹானாவிடம் சொன்னேன். கன்னடத்துக்காரி, தமிழும் வெளுத்து வாங்குவாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டு ஓனர் கிறிஸ்டியன்தானே? அப்ப இறாலும் கிறிஸ்டியன். அதுக்கு எதுக்கு ஆடி?" என்றாள்.

 அவள் போனபிறகு, "எங்க ஆளுங்களும் ஆஷாட மாசத்துல ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஆனா இறாலுக்கு யாரும் பாத்ததில்ல" என்று மெசேஜ் வேறு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூணுதான் இருக்கு.

அடியில் கிடப்பது தோலாக இருக்கும் என்று எண்ணினேன். திரும்ப எண்ணினேன். உருண்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். தோல் இல்லை. மற்ற மூன்றும் அதன்மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. அவ்வளவு பசி.

நான்தான் கொன்னுட்டேன். ஆடியும் கொல்லல, அம்மாவும் கொல்லல. தொட்டி பக்கத்துலயே இருந்துச்சு, ஒரு முழம் தள்ளி. ஒரு முழம் தூரத்துக்கு நாள் பார்த்த நாய் நான்.

மதியம் ஆன்ட்டி கூப்பிட்டார். "நாலாவது எங்க?"

"பின்னாடி ஒளிஞ்சிருக்கு ஆன்ட்டி." என் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

போனை வைத்ததும் சுத்தியலை எடுத்தேன். கண்ணாடி தெறிக்குமே என்று பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பாத்ரூமில் துண்டு விரித்து உட்கார்ந்தேன். ஓங்கினேன். ஓங்கின வேகத்தில் உருண்டை சாய்ந்து, அடிப்பீடமாக இருந்த மர வளையம் கழன்று விழுந்தது. அது மறைத்திருந்த இடத்தில் ஒரு ரப்பர் அடைப்பான்! இத்தனை நாள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் அதைத் தலைகீழாகப் பார்க்கவில்லை.

அடைப்பானைப் பிடுங்கி, மூன்றையும் பழைய தண்ணீரோடு மக்கில் ஊற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகு உள்ளே விட்டேன். ஆடி மாதம், ஞாயிறு, ராகு காலம். பாலும் இல்லை, பழமும் இல்லை. முதலில் மூலையில் ஒண்டிக்கொண்டன. அப்புறம் ஒன்று நீந்த ஆரம்பித்தது. போகிறது, போகிறது, கண்ணாடி இடிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே ஹெல்மெட்டோடு நின்றேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். உருண்டையைப் பளபளவென்று கழுவி வைத்து ஆன்ட்டியிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று விம் போட்டுத் தேய்த்தேன். வழுக்கிவிட்டது. சிங்க்கில் விழுந்து தூள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றும் உயிரோடு இருக்கின்றன. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒன்று செத்தது, பொய் சொன்னது, தொட்டி, உருண்டை, எல்லாம். ஒரே மூச்சில்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் மட்டும்.

"வீட்டைத் திறந்து எதையாவது திருடியிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இருந்திருக்காது" என்றார். போன் கட்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. போன் வரவில்லை. அம்மா கேட்டாள், "பால் காய்ச்சினியா?" காய்ச்சினேன் என்றேன். இனி பொய் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணி ஒரு வாரம்தான் ஆகிறது.

செப்டம்பர் 20, சனி

ஆன்ட்டி வந்துவிட்டார். டாக்சி நின்ற சத்தம் கேட்டதும் இறங்கிப் போய்ப் பெட்டியைத் தூக்கினேன். தடுக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளை ஒரு ஷூ டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன். வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

மாலையில் மாடிப்படியில் நின்று, "அதுங்களைக் கீழ கொண்டா" என்றார். கொண்டுபோய் அவர் கை காட்டிய இடத்தில், ஹாலில் அங்கிளின் நாற்காலிக்கு எதிரே வைத்தேன்.

"என்ன தின்னும்?"

"வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பச்சைப் பொடி, ஒரு சிட்டிகை ஆன்ட்டி. பாசி இருக்கறதால அதுகூட—"

"சரி, போ."

இப்போது என் மேஜையில் இடம் நிறைய இருக்கிறது. காபி வைக்கலாம். பிடிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

படியில் பார்த்தேன். "குட் மார்னிங் ஆன்ட்டி" என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டினார் என்றுதான் நினைக்கிறேன். செருப்பு மாட்டக் குனிந்ததாகவும் இருக்கலாம். வீடு தேட ஆரம்பித்துவிடலாமா?

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஆன்ட்டியின் குரல், பெரிதாக, சந்தோஷமாக. "ஏய், சீக்கிரம் வா! இங்க வந்து பாரேன்!"

ஈரப் பனியனைக் கையில் பிடித்தபடியே இரண்டு இரண்டு படியாக ஓடினேன். கதவு திறந்திருந்தது. தொட்டியின் முன்னால் முட்டி போட்டு, ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் என் பக்கம் இல்லை. அங்கிளின் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.

"கூப்பிட்டீங்களா ஆன்ட்டி?"

திரும்பி என்னைப் பார்த்தார். 

"உன்னை இல்ல" என்றார்.

 பனியனிலிருந்து அவர் வீட்டுத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கதவுவரை வந்துவிட்டேன்.

"வந்துட்ட இல்ல. நீயாவது பாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய இறால் ஒன்று, வயிற்றுக்கடியில் சிவப்புச் சிவப்பாக முட்டைகளைக் கட்டிக்கொண்டு கல்மேல் நின்றது. ஆன்ட்டி நைட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம் கண்ணை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.