சாகப்போகிறவரின் இசை

நாள் 212. 08:40
சனியின் நிலவான என்சலடஸ், இரண்டாம் பனித்தளம். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பனிக்கடியில் புதைத்த பதினாறு ஒலிவாங்கிகளும் சரி. எழுதுவது பரணிதரன், ஒலிப் பொறியாளர். உடன் இருப்பவர் ஜெசிந்தா. பனியில் துளை போடுவது அவர் வேலை. தூத்துக்குடிக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

ஒரே புகார், பின்னணி இசை. நிசப்தத்தில் எங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கக் கூடாதென்று ஒரு நிரலை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாயாஜாலப் படங்களின் இசையைக் கரைத்துக் குடித்தது. தளத்தின் எல்லா உணரிகளையும் படித்து, நிலைமைக்குத் தகுந்தாற்போல் வாசிக்கும். டீ போட்டால் புல்லாங்குழல். இன்று ஜெசிந்தா அக்கா உள்ளே நுழைந்ததும் கொம்பில் நாலு சுரம். மூன்று ஒரே உயரத்தில், நாலாவது சரிந்து கீழே. அந்த வகைப் படங்களில் அது யாருக்கென்று குழந்தைக்கும் தெரியும். அரக்கன் வருவதற்கு மூன்று காட்சி முன்பே, சாகப்போகிறவர் முகம் தெரியும்போது வரும்.

நிரல் பிழை. குறித்துக்கொண்டேன்.

நாள் 215. 13:05
ஏழாவது முறை. இப்போது முரசும் சேர்ந்துகொண்டது. அறையிலிருந்து துளைக்குழிக்குத் திரும்பியதும் அக்காவின் ரேடியோ: “ஏலே பரணி, உன் பாட்டுப்பெட்டி என்னையப் பாத்தாலே ஒப்பாரி வைக்கி. நீ பொங்குன சோறு குழைஞ்சிட்டுன்னு சொன்னதுக்கா?”

நிறுத்திவிடலாம் என்றால் அனுமதி பூமியிலிருந்து வர வேண்டுமாம். எரிச்சல்.

நாள் 219. 14:30
பதினோரு முறை. அட்டவணை போட்டேன். பதினொன்றிலும் அக்கா அறையில் இருந்தார். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நிரல் அவர் நாடித்துடிப்பைப் படிக்கிறது, துளைக்கருவியின் அதிர்வைப் படிக்கிறது. எனக்குத் தெரியாத ஏதோ அதற்குத் தெரிகிறது. இருக்கும் ஒரே ஊர்தியில் அவரை மேற்கே முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டேன். சண்டை போட்டுத்தான் அனுப்ப முடிந்தது.

ரேடியோ: “ஒரு பாட்டுக்குப் பயந்து என்னையத் துரத்துதியால? இஞ்சினியராம் இஞ்சினியர்.”

15:50
அவர் இருபது கிலோமீட்டர் தாண்டிவிட்டார். இங்கே நான் தனியாள். அந்த நாலு சுரம் ஒலிக்கிறது. முழு வாத்தியக் குழுவோடு.

முட்டாள். பதினோரு முறையும் நானும்தான் அறையில் இருந்தேன். நான் இல்லாத அறையில் என்ன ஒலித்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒலிவாங்கிப் பதிவுகளைத் திறந்தேன். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுகளை இரைச்சல் என்று நானே வடிகட்டி வைத்திருந்தேன். நிரல் வடிகட்டவில்லை. எட்டு நாளாகத் தளத்துக்கு நேர் கீழே விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது.

16:12
தரை நாலு பாகை சாய்ந்துவிட்டது. வெளிக்கதவின் சட்டம் வளைந்து திறக்கவில்லை. விண்வெளி உடைகள் கதவுக்கு அந்தப் பக்கம். காற்று கசிகிறது. நாற்பது நிமிடம் தாங்கும். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

ரேடியோ: “வண்டியத் திருப்பிட்டேன். மூச்ச மெதுவா விடுலே, வாரேன்.”

வர நூறு நிமிடம் ஆகும். அதற்குள் விரிசல் அவர் பாதைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை மூன்று முறை சொன்னேன். “வாய மூடு” என்கிறார்.

16:20
ரேடியோவில் அவர் குரலுக்குப் பின்னால் கொம்பு. ஊர்தியிலும் அதே நிரல்தான் ஓடுகிறது.

“பரணி... வண்டிக்குள்ளயும் அடிக்கி.”

“மேற்கே திருப்புங்க. திருப்பிட்டுச் சொல்லுங்க.”

நாற்பது விநாடி.

“பாட்டு நின்னுட்டு.”

“இப்ப கிழக்கே.”

“...அடிக்கி.”

“புரியுதாக்கா? மறுபடியும் மேற்கே. அப்படியே போயிருங்க.”

ரேடியோவில் இயந்திர உறுமல் மட்டும். இசை இல்லை. நல்லது.

16:33
திரையில் ஊர்தியின் புள்ளி மேற்கே நகர்கிறது. இங்கே தரை பதினொரு பாகை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இசையில் பாடகர் குழுவும் சேர்ந்துவிட்டது. அது என்னோடது, என்னோடு போகட்டும். அவர் பிழைத்தால் போதும்.

16:37
புள்ளி நின்றுவிட்டது. ஏன் நிற்கிறீர்கள்? போங்க.

திரும்புகிறது. கிழக்கே

ரேடியோ: “ஸ்பீக்கர் ஒயரப் பிடுங்கிப் போட்டுட்டேன்லே. இப்ப ஒண்ணும் கேக்கல. வாரேன்.”