சரிவில் நிறுத்திய வண்டி

போன வாரம் உன் வண்டியின் சீட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது நெல் தூசி வாசம். பேட்டரியைச் சுற்றி உமியும் பதரும் ஒட்டிக்கிடந்தன. நீ போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு சம்பா அறுத்தாகிவிட்டது. வண்டியை யாரும் துடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் அதில் கை வைத்தது தெரிந்தால் நீ சும்மா இருக்க மாட்டாய். "பம்புசெட்டுக்கு மீட்டர் பிடிக்கிற கை என் வண்டியில படக்கூடாது மாப்ளே" என்பாய். ஆனால் உன் மனைவி மல்லிகாவே கூப்பிட்டனுப்பினாள். புதுப் பேட்டரி போட்டும் நாலு நாள் சும்மா நின்றால் வண்டி எழுவதில்லையாம். நீடாமங்கலத்து மெக்கானிக் சார்ஜிங் காயில் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கு பழைய இரும்புக்கடைக்காரர் வர்றாருண்ணே. ஓடுற வண்டின்னா உங்க மருமக காலேஜுக்கு எடுத்துட்டுப் போகட்டும். இல்லன்னா அவரு ஏத்திக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

உன் மகள் அதற்கு முன்னாலேயே இரண்டு டயருக்கும் காற்று அடித்து வைத்திருந்தாள்.

உன் வண்டியின் சீக்கு எனக்குப் புதிதா என்ன? உதைத்துக் கிளப்பக் கிக்கர் கிடையாது, பட்டன்தான். கடைசிச் சில வருஷங்களில் நீ அதைச் சமதரையில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நம் பக்கம் சரிவு வேண்டுமென்றால் ஆற்றுப்பாலத்தை விட்டால் ஏது? கல்யாணம் எந்தத் தெருவில் நடந்தாலும் உன் வண்டி பாலத்து ஏற்றத்தில்தான் நிற்கும். சாப்பிட்ட கையோடு வேட்டியை மடித்துக் கட்டுவாய், நான் பின்னாலிருந்து தள்ளுவேன், இறக்கத்தில் கியரைப் போட்டுக் கிளப்புவாய். "பாலம் இல்லாத ஊர்ல நீ சம்பந்தம் பண்ண முடியாதுடா" என்று நான் சொன்னால், "வண்டிக்கு வயசாயிடுச்சு, விடு" என்பாய். மீட்டர் வைத்துப் பார்க்கலாமென்று எத்தனை முறை கேட்டும் நீ விடவில்லை.

இந்த முறை தடுக்க நீ இல்லை. பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றி மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பதினாலு வோல்ட்டைத் தாண்டி நின்றது. காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறுகிற கரண்ட் ஒழுங்காக ஏறுகிறது, எங்கேயோ கசிகிறது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, எர்த் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தேன். முள் அசையாமல் இருந்திருக்க வேண்டும். அசைந்தது. ஃபியூஸைப் பிடுங்கினேன், அப்போதும் இறங்கவில்லை. அப்படியென்றால் ஃபியூஸுக்கு முன்னாலேயே யாரோ பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள்.

உமியைத் தள்ளிவிட்டுத் தேடினேன். ஒரு மஞ்சள் ஒயர், சாக்குத் தைக்கிற சணலால் கட்டியது, சீட்டுக்கடியில் போயிற்று. அதன் முனையில் செல்போன் சார்ஜ் போடுகிற சின்னப் பெட்டி. தூசிக்குள் அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கியதும் முள் படுத்துவிட்டது.

அந்தச் சணல் முடிச்சைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கொள்முதல் நிலையத்து வாசலில் நம் இருவர் நெல்லும் பக்கத்துப் பக்கத்தில் குவிந்து கிடந்த வருஷம். மழை மூட்டம். கரண்ட் போய் இருவர் போனும் செத்துக் கிடந்தன. என் மகள் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குவியலை விட்டுப் போனால் முறை போய்விடும். மழை வந்தால் தார்ப்பாய் இழுத்து மூட ஆள் வேண்டும். நான் கேட்காமலே நீயாக எழுந்து கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கி வந்து வண்டியின் பேட்டரியில் அவசரமாக முறுக்கிச் சாக்குச் சணலால் கட்டினாய். "பொண்ணு அங்க வலியில கெடக்கா, நீ செத்த போனை வச்சுட்டு உக்காந்திருக்க. மாட்டுடா இதுல" என்றாய். மத்தியானம் போன் அடித்தது. பேத்தி. என்னைவிட நீதான் பெரிதாகக் கத்தினாய்.

அதற்குப் பிறகு அதைக் கழற்ற உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் வண்டி சரிவு தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

மல்லிகா அதைக் குப்பையில் போடச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அதை வாங்கி முந்தானையால் தூசியைத் துடைத்தாள். "அப்போ அது இருக்கட்டும்ணே" என்றாள். சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒயரை மாற்றிக் கட்டினேன். மறுநாள் வந்த இரும்புக்கடைக்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். வண்டியை வேண்டுமென்றே சில நாள் சும்மா நிறுத்தி வைத்தோம். இன்று காலை உன் மகள் பட்டனைத் தொட்டதும் எழுந்துகொண்டது.

எனக்காக இழுத்த ஒயரால்தான் இத்தனை வருஷம் சரிவு தேடி அலைந்தாய். அதற்கு என்னிடமே கேலியும் வாங்கினாய். இதை உன்னிடம் சொல்லி ஒரு திட்டாவது வாங்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

உன் மகள் வண்டியை வீட்டு வாசலில் சமதரையில்தான் நிறுத்துகிறாள். நான்தான் இன்னும் பாலத்து ஏற்றத்துக்கு வந்ததும் நடையைக் குறைக்கிறேன், தள்ளிவிட ஆள் வேண்டியிருக்குமே என்று.